புது வண்டி மேட்டில் நின்ற காரணம்

இதை எழுத நான் தகுந்த ஆள் இல்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன். அதற்குப் பிறகு பில்லையும் சாமான் சீட்டையும் தவிர வேறு எதுவும் எழுதியதில்லை. கூட்டத்தில் இரண்டு வார்த்தை பேசச் சொன்னால் கடைசி வரிசைக்குப் போய் நின்றுகொள்வேன். எங்கள் மோட்டார் தொழிலாளர் மன்றத்தின் ஆண்டு மலருக்குப் பட்டறைக்கு ஒருவர் எழுத வேண்டும் என்று முடிவு செய்தவர்கள், நான் கூட்டத்துக்குப் போகாத அன்று என் பெயரைப் போட்டுவிட்டார்கள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய மோட்டார் சைக்கிளையும் புதிய மாடலையும் ஒப்பிட்டுப் பார்க்கப் போய் நாங்கள் பட்ட பாட்டை மட்டும் எழுதுகிறேன். இளைய மெக்கானிக்குகளுக்கு உதவலாம்.

1. பட்டாளத்தான்

காஜா பெராங் சாலையில், சிட்டி கம்பம் என்கிற ஊருக்குத் திரும்பும் சந்துக்குப் பக்கத்தில் எங்கள் பட்டறை. முதலாளி காதர் ராவுத்தர். சண்டை முடிந்து பட்டாளத்து மோட்டார் சைக்கிள்களை ஏலத்தில் விட்டபோது அவர் ஒரு லோரி நிறைய வாங்கிக் கொண்டுவந்து போட்டார். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் செய்ததே அந்த வண்டிகளின் பச்சைப் பெயின்ட்டைச் சுரண்டியதுதான். சுரண்டச் சுரண்ட உள்ளேயும் பச்சைதான் இருந்தது.

அந்த மாடலை நாங்கள் பட்டாளத்தான் என்போம். ஒற்றை சிலிண்டர், சைடு வால்வு. முன்னால் கர்டர் ஃபோர்க். பின்னால் ஸ்பிரிங்கே கிடையாது. ஓட்டுகிறவரின் இடுப்புதான் ஸ்பிரிங். ஆனால் சீட்டு தாழ்வு. சேற்றில் வழுக்கினால் இரண்டு காலையும் தரையில் ஊன்றித் துடுப்புப் போடுவது போலத் தள்ளிக்கொண்டு போகலாம். வழியில் நின்றாலும் ஒரு ஸ்பேனரும் ஒரு துண்டுக் கம்பியும் இருந்தால் வீடு வந்து சேரலாம்.

ஹேண்டில்பாரின் இடது பக்கம் அதற்கு ஒரு சின்ன லீவர் இருக்கும். மேக்னெட் லீவர் என்போம். பிளக்கில் பொறி சீக்கிரம் அடிப்பதும் தாமதமாக அடிப்பதும் அந்த லீவரில்தான். கிக் அடிக்கும் முன் அதைப் பின்னால் இழுத்துக்கொள்ள வேண்டும். மறந்தால் பெடல் திருப்பி உதைக்கும். கணுக்கால் ஒரு வாரத்துக்கு வீங்கிக் கிடக்கும். மேடு ஏறும்போது இன்ஜின் திணறி டொக் டொக் என்று தட்ட ஆரம்பித்தால் கட்டைவிரலால் லீவரைக் கொஞ்சம் இழுப்போம். தட்டல் அடங்கும். வண்டி முனகிக்கொண்டே ஏறிவிடும். இதற்குக் கை பழக எனக்கு ஒரு மழைக்காலம் பிடித்தது. பழகிய பிறகு அதை நினைக்கவே வேண்டியதில்லை. காது கேட்கும், விரல் இழுக்கும்.

அந்த லோரியில் வந்த வண்டிகளில் ஒன்றை அலோர் காஜா பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்று வாங்கியது. அதை ஓட்டியவர் சாமிக்கண்ணு டிரஸ்சர். தோட்ட ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர், புண்ணுக்குக் கட்டுப் போடுபவர். குள்ளமான மனிதர், ஐம்பதைத் தாண்டியவர், தலையில் எப்போதும் ஒரு காக்கித் தொப்பி. பின் சீட்டில் மரத்தாலான மருந்துப் பெட்டியைக் கட்டிக்கொண்டு தோட்டத்தின் ஒவ்வொரு பிரிவுக்கும், டிவிசன் டிவிசனாகப் போவார். மூன்றாம் டிவிசன் குன்றின் மேல் இருக்கிறது. செம்மண் பாதை. மழை பெய்தால் லோரி ஏறாது, டிரஸ்சர் ஏறுவார்.

வண்டியைச் சர்வீசுக்குக் கொண்டுவந்தால் விட்டுவிட்டுப் போகமாட்டார். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வார்.

“மாணிக்கம், இவன் முனகுறத வச்சே எங்க வலிக்குதுனு சொல்லிடுவேன். என் சம்சாரம் முனகினா மட்டும் எனக்கு ஒண்ணும் புரியமாட்டேங்குது.”

“அக்காகிட்ட சொல்லட்டுமாண்ணே?” என்பேன்.

“சொல்லேன். அப்புறம் நீதான் எனக்குச் சோறு போடணும்.”

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. அவர் வந்தால் மட்டும் எனக்கும் பேச்சு வரும்.

2. மாப்பிள்ளை

மெர்டேக்கா, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம், கிடைத்த மறுவருஷம் அந்தப் பழைய வண்டிக்குப் பாகம் கிடைப்பது நின்றுபோனது. இரண்டு தடவை பாதி வழியில் நின்றுவிட்டது. டிரஸ்சர் மருந்துப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து போனார். தோட்டத்துத் துரை புதிய வண்டி வாங்கச் சம்மதித்தார்.

எங்கள் முதலாளி வரவழைத்தது அந்த வருஷத்துப் புதிய மாடல். மண் பாதை, மேடு பள்ளம், ஆற்றுத் துறை எல்லாவற்றுக்கும் என்றே செய்தது. சிங்கப்பூரிலிருந்து ஒரு சேல்ஸ்மேன் அதை லோரியில் கொண்டுவந்து இறக்கினார். நிக்கல் பூச்சும் சிவப்பு டாங்கியுமாக அது இறங்கியபோது முதலாளி, “மாப்பிள்ளை வந்தாச்சு, யாராச்சும் பன்னீர் தெளிங்கப்பா” என்றார். அதுவே அதற்குப் பெயராகிவிட்டது.

நியாயமாகச் சொன்னால் எல்லாவற்றிலும் அது நல்ல வண்டி. ஓவர்ஹெட் வால்வு என்பதால் அதே சிசியில் இழுப்பு அதிகம். முன்னால் டெலஸ்கோப் ஃபோர்க், பின்னால் இரண்டு பக்கமும் ஷாக் அப்சார்பர். புகைக்குழாயை மேலே தூக்கி வைத்திருந்தார்கள். முழங்கால் அளவு தண்ணீரில் இறக்கினாலும் நிற்காது. மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் ஒரு கை போகும் அளவு இடைவெளி இருந்தது. பட்டாளத்தானில் அந்த இடத்தில் களிமண் அடைத்துக்கொண்டு சக்கரமே சுற்றாது. குச்சி வைத்துக் குடைய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பொறியை முன்பின் தள்ளுகிற வேலையை மேக்னெட்டே தானாகச் செய்துகொள்ளும். அதற்கென்று லீவர் தேவையில்லை. அந்த இடத்தில் சோக்கு லீவரை வைத்திருந்தார்கள். குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பும்போது காற்றை அடைத்து பெட்ரோலைக் கூட்டுகிற லீவர் அது. வண்டி கிளம்பியதும் திறந்துவிட்டால், அப்புறம் அன்று முழுவதும் அதற்கு வேலை இல்லை.

குறை என்றால் உயரம் ஒன்றுதான். டிரஸ்சர் ஏறி உட்கார்ந்தால் கால் விரல்தான் தரையில் பட்டது.

“குதிர மேல ஏத்திட்டு ஏணிய எடுத்துட்டியே மாணிக்கம்” என்றார். சீட்டைப் பிரித்துப் பஞ்சைக் குறைத்தேன். பாதி பாதம் தரையைத் தொட்டது. போதும் என்றார்.

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

“துரை ஒண்ணு சொல்லியிருக்காரு. வர்ற திங்கக்கிழமை இதுல மருந்துப் பெட்டியோட மூணாம் டிவிசன் மேட்ட ஏறிக் காட்டணும். ஏறிட்டா ரவுண்டு எனக்கு. முடியலன்னா சின்ன டிரஸ்சரு போவாராம். நான் ஆஸ்பத்திரியில உக்காந்து பஞ்சையும் போத்தலையும் எண்ணணுமாம்.”

“உக்காந்த வேலை நல்லதுதானேண்ணே?”

“போடா. மேட்டு லயத்து ஆளுங்க கீழ இறங்கி மருந்துக்கு வரமாட்டாங்க. ஒரு நாள் வேலைக்குப் பேரு போடலன்னா சம்பளம் போச்சு. நோவு முத்தினப்புறம் தூளி கட்டித்தான் தூக்கிட்டு வருவாங்க. சின்னவரு நல்ல பையன்தான், ஆனா மழை பேஞ்சா போகமாட்டாரு. நான் போவேன். அதான் வித்தியாசம்.”

வண்டி புதியதுதானே, மேடு என்ன பெரிய மேடு என்று நான் நினைத்துக்கொண்டேன்.

3. எங்களுக்கு மட்டும் நிற்கிற வண்டி

புக்கிட் பெருவாங் பக்கம் ஒரு நல்ல மண் மேடு இருந்தது. அங்கே கொண்டுபோய் டிரஸ்சரை ஏறச் சொன்னோம். அடிவாரத்தில் அழகாகப் போன வண்டி, பாதி மேட்டில் இருமியது. கருப்புப் புகை விட்டது. நின்றுவிட்டது. கிக் அடித்தால் கிளம்பவில்லை. சற்று நேரம் ஆறவிட்டு அடித்த பிறகுதான் கிளம்பியது.

பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். கரி அப்பியிருந்தது. பெட்ரோல் அதிகமாகப் போகிறது என்று அர்த்தம். கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினேன், ஊசியை ஒரு காடி இறக்கினேன். மறுநாள் நானே ஓட்டினேன். அதே இடம், அதே இருமல், அதே கருப்புப் புகை. ஃப்ளோட்டை மாற்றினேன். முதலாளி, “தள்ளு, நான் ஓட்டறேன்” என்று கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். அவருக்கும் நின்றது.

“மாப்பிள்ளைக்கு நம்ம வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கல போல” என்றார்.

சிங்கப்பூருக்கு போன் போட்டோம். சேல்ஸ்மேன் பஸ் ஏறி வந்தார். இருபத்து மூன்று, இருபத்து நாலு வயது இருக்கும். சட்டை மடிப்புக் கலையாமல் ஏறி உட்கார்ந்தார். அதே மேட்டில் சீட்டி அடித்துக்கொண்டு ஏறினார். இறங்கினார். மறுபடி ஏறினார்.

“அண்ணே, வண்டியில ஒண்ணும் இல்லையே. ஊசிய மட்டும் யாரோ இறக்கி வச்சிருக்கீங்க, அதான் லேசா மூச்சு முட்டுது.”

ஊசியைப் பழையபடி ஏற்றிவிட்டார். அவர் கண் முன்னாலேயே டிரஸ்சர் ஏறினார். வண்டி நின்றது. சேல்ஸ்மேன் ஏறினார். போனது. நான் ஏறினேன். நின்றது.

அந்தப் பையன் பாவம், சிரிப்பை அடக்கத்தான் பார்த்தார். “உங்களுக்கெல்லாம் வயசாச்சுன்னு அதுக்குத் தெரியுது போலண்ணே” என்று சொல்லிவிட்டு, சாயங்கால பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

டிரஸ்சர் அன்று விளையாட்டாகப் பேசவில்லை. தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு, “அப்ப துரை சொன்னது சரிதான் போல. போத்தல எண்ண வேண்டியதுதான்” என்றார். தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன். அவர் குடிக்காமலே போய்விட்டார்.

4. சுப்ரா பிள்ளை கேட்ட கேள்வி

சனிக்கிழமை காலை. இன்னும் ஒருமுறை பார்க்கலாம் என்று கிளம்பினேன். மருந்துப் பெட்டியின் பாரத்துக்கு யாராவது பின்னால் உட்கார வேண்டும். சிட்டி கம்பத்து சுப்ரா பிள்ளை பட்டறை வாசலில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். சிட்டி கம்பத்தார் பல தலைமுறைக்கு முன் இங்கே வந்து மலாய்க்கு மாறிவிட்ட தமிழ் வம்சம், அதனால் பெயர்தான் பிள்ளை; தமிழ் வராது. கோவிலில் கும்பிடுவதற்குச் சில வார்த்தை தெரியும், மற்றதெல்லாம் அவர்கள் வீட்டு மலாய்தான். ஆள் நல்ல கனம். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவர். வா என்றதும் சாரோங்கைச் சுருட்டிக்கொண்டு குழந்தை மாதிரி ஏறி உட்கார்ந்துகொண்டார்.

மேட்டில் வழக்கம்போல வண்டி இருமியது, நின்றது. நான் இறங்கிக் கீழே குனிந்து கார்புரேட்டரைப் பார்த்தேன். சுப்ரா பிள்ளை இறங்கவில்லை. என் தோளைத் தட்டினார்.

“ஜாரி லு காத்தால் கா?”

உன் விரல் அரிக்கிறதா என்று கேட்கிறார். எனக்கு எரிச்சல். இல்லையே, ஏன் என்றேன். அவர் தன் இடது கட்டைவிரலை மடக்கிக் காட்டினார்.

“லு தாரிக், டியா மாத்தி.”

நீ இழுக்கிறாய், அது செத்துப்போகிறது.

நான் எதையும் இழுக்கவில்லை என்று சத்தியம் செய்திருப்பேன். ஹேண்டில்பாரைப் பார்த்தேன். சோக்கு லீவர் முக்கால்வாசி இழுத்தபடி நின்றது.

அதைச் சோக்கு என்று தெரியாமல் இல்லை. காலையில் நானே அதை இழுத்துத்தான் வண்டியைக் கிளப்பினேன், திறந்தும் விட்டேன். ஆனால் மேட்டில் இன்ஜின் முதல் தட்டுத் தட்டியதும் என் காது விரலிடம் சொல்லிவிட்டது. பட்டாளத்தானில் மேக்னெட் லீவர் இருந்த அதே இடம், அதே அளவு, அதே வளைவு. விரல் என்னைக் கேட்கவில்லை. நின்ற பிறகு கிக் அடிக்கும் முன்னால் இன்னும் கொஞ்சம் இழுத்துவிடுகிறேன், கணுக்காலுக்குப் பயந்து. சூடான இன்ஜினுக்குப் பெட்ரோலை ஊற்றி ஊற்றி மூழ்கடித்திருக்கிறேன். கிளம்பியதும் சோக்கைத் திறந்துவிடுவது யாருக்கும் வழக்கம்தானே, அதனால் அது ஒருவர் கண்ணிலும் படவில்லை. சேல்ஸ்மேன் பையன் பட்டாளத்தானை ஓட்டியதே இல்லை. அவர் விரலுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அவ்வளவுதான்.

முதலாளியிடம் சொன்னேன்.

“நானா? நான் அத தொடவே இல்ல.”

“ஒருதடவ ஓட்டுங்க முதலாளி, நான் பின்னால உக்காந்து பாக்கறேன்.”

ஓட்டினார். மேட்டில் அவர் விரல் மெதுவாக நகர்ந்து லீவரைப் பிடித்தது.

“இழுக்கறீங்க முதலாளி.”

“இல்ல.”

“இழுத்துட்டீங்க.”

“இல்லங்கறேன்ல!” என்றார். வண்டி நின்றது. இறங்கி லீவரைப் பார்த்தார். தன் விரலைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சுப்ரா பிள்ளைக்கு அன்று அவர் செலவில் ஒரு தட்டு மீ கோரெங்.

5. சேராத லீவர்

காரணம் தெரிந்துவிட்டது, இனி சுலபம் என்று நினைத்தோம். சோக்கு லீவரைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டரிலேயே கையால் தூக்குகிற மாதிரி சின்னக் கம்பி ஒன்று வைத்தேன். டிரஸ்சரை வரச் சொல்லி ஓட்டிப் பார்க்கச் சொன்னோம். வண்டி நிற்கவில்லை. ஆனால் மேட்டு நடுவில் ஹேண்டில்பார் ஆடியது. ஓரத்துப் புதரில் போய் இறங்கினார். நல்லவேளை அடி இல்லை.

“விரல் தேடுது மாணிக்கம். இருட்டுல படி இறங்குறப்ப ஒரு படி இல்லாம போனா எப்படி இருக்கும், அப்படி இருக்கு. தேடுற நேரத்துல பிடி விட்டுப்போகுது.”

இழுக்காதே என்று விரலுக்குச் சொல்லிப் பழக்கலாம். அதற்கு ஒரு மழைக்காலம் வேண்டும். எங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் இருந்தது.

பழைய சாமான் டின்னைக் கொட்டி, கழற்றிப்போட்ட பட்டாளத்தான் ஒன்றின் மேக்னெட் லீவரைத் தேடி எடுத்தேன். துடைத்து, எண்ணெய் போட்டு, வாஷரை இறுக்கி, இழுத்தால் பழைய பிடிப்போடு நகருகிற மாதிரி செய்தேன். புதிய வண்டியில் அதே இடத்தில் மாட்டினேன். கேபிள் எதுவும் கிடையாது.

அதை டிரஸ்சரிடம் எப்படிச் சொல்வது என்றுதான் எனக்குப் பெரிய பாடு. வயதில் மூத்தவர். சொல்லாமல் கொடுத்துவிடலாம் என்றார் முதலாளி. எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒரு நாள் அவரே கண்டுபிடித்தால் என்னை என்ன நினைப்பார்? வண்டியைத் துடைக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டே சொன்னேன்:

“அண்ணே, இந்த லீவர எவ்வளவு வேணும்னாலும் இழுங்க. அது எதோடயும் சேரல.”

டிரஸ்சர் லீவரை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தார்.

“ஊசி போடறப்ப பிள்ளைங்க கையில ஒரு கோலிக் குண்டு குடுப்பேன். இறுக்கிப் பிடிச்சுக்க, வலிக்காதும்பேன். கோலி என்னா வலியப் பிடிச்சு நிறுத்தவா போவுது? கைக்கு ஒரு வேல, அவ்வளவுதான்.” சிரித்தார். “இப்ப எனக்கே கோலிக் குண்டு குடுக்கற நீ.”

திங்கட்கிழமை முதலாளி என்னையும் தோட்டத்துக்கு அனுப்பினார். முந்தின நாள் மழை. பாதை முழுக்கக் குழம்பு. அடிவாரத்தில் துரை தன் ஜீப்பில் சாய்ந்து நின்றார். சின்ன டிரஸ்சரும் இருந்தார். மேலே லயத்து வாசலில் பெண்களும் பிள்ளைகளும் நின்று பார்த்தார்கள்.

டிரஸ்சர் தொப்பியை அழுத்திக்கொண்டு கிளம்பினார். முதல் வளைவில் பின்சக்கரம் வழுக்கியது. காலை ஊன்றினார், பஞ்சைக் குறைத்த சீட்டு அப்போது உதவியது. இரண்டாவது வளைவில் இன்ஜின் தட்டத் தொடங்கியது. நான் இன்ஜினைப் பார்க்கவில்லை, அவர் கட்டைவிரலைத்தான் பார்த்தேன். இழுத்தார். வண்டி போய்க்கொண்டே இருந்தது. மட்கார்டில் களிமண் அடைக்கவில்லை. மேலே போய் நின்று ஹார்ன் அடித்தார். பிள்ளைகள் ஓ என்று கத்தினார்கள்.

துரைக்கும் ஆசை வந்துவிட்டது. சண்டைக் காலத்தில் அவரும் பட்டாளத்தான் ஓட்டியவராம். வண்டியைக் கீழே கொண்டுவரச் சொல்லி, தானே ஏறிப் போய்த் திரும்பி வந்தார். பழைய லீவரை விடாமல் வைத்திருக்கிறார்களே, நல்லது என்று இங்கிலீஷில் சொன்னார். டிரஸ்சர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவரே துரையிடம், அது எதோடும் சேரவில்லை ஐயா என்று சொல்லிவிட்டார். துரை லீவரை இழுத்துப் பார்த்தார். கேபிளைத் தேடினார். பிறகு ஜீப்பின் பானெட்டைத் தட்டித் தட்டிச் சிரித்தார். ரவுண்டு டிரஸ்சருக்கே என்று அங்கேயே சொல்லிவிட்டார். சின்ன டிரஸ்சர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அந்தப் பாதையை அவர் அன்றுதான் மழைக்குப் பிறகு பார்த்தார்.

இதிலிருந்து நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். புதிய மாடலையும் பழைய மாடலையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவைத்து இழுப்பு, உயரம், ஸ்பிரிங் என்று பார்த்தால் பாதிதான் தெரியும். பழைய வண்டியைக் கடையில் கழற்றிப் போட்டாலும் அது ஓட்டியவர் கையிலும் காலிலும் ஓடிக்கொண்டிருக்கும். இப்போது யார் புதிய வண்டி வாங்க வந்தாலும், எனக்கு எவ்வளவு கூச்சமாக இருந்தாலும், முதலில் ஒன்று கேட்டுவிடுவேன்: இதுக்கு முன்னால என்ன வண்டி ஓட்டினீங்க? பதில் வந்த பிறகுதான் ஸ்பேனரை எடுப்பேன். ஓட்டிப் பார்க்கும்போது பின்னால் ஒருவரை உட்காரவைப்பதும் நல்லது. வண்டி ஓட்டத் தெரியாதவராக இருந்தால் இன்னும் நல்லது.

துரை சரி சொன்னதற்கு மறுநாள் செவ்வாய்க்கிழமை. காலையில் மழை பெய்தது. டிரஸ்சர் மூன்றாம் டிவிசனுக்குப் போய், காய்ச்சலில் படுத்திருந்தவர்களுக்கு மருந்து கொடுத்துவிட்டு மத்தியானம் இறங்கினார்.